டீலரிடம் வாங்கும் தொழில் மென்பொருள்: சிறு, குறு தொழில் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், ஈரோடு, கரூர், சிவகாசி, கோவை என ஊர்தோறும் சிறு, குறு தொழில் நடத்திவரும் உரிமையாளர்களுக்கு,

கணக்கு, சரக்கிருப்பு, சம்பளப் பட்டியல், அலுவலக மின்னஞ்சல் என ஒரு தொழிலுக்கு வேண்டிய மென்பொருள் இரண்டு வழிகளில் கைக்கு வருகிறது. தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பணம் கட்டி நேரடியாக வாங்கலாம். அல்லது அந்த நிறுவனம் அங்கீகரித்த மறுவிற்பனையாளரிடம், அதாவது ஊரில் டீலர், பார்ட்னர் என்று அறியப்படுபவரிடம் வாங்கலாம். நேரடியாக வாங்குவது எளிது, மலிவு என்ற எண்ணம் இப்போது பரவிவருகிறது. தனித்து இயங்கும் சிறிய செயலிகளுக்கு அது சரி. வரி, சரக்கு, கடன் பாக்கி, சம்பளம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மென்பொருளுக்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. காரணம், அத்தகைய மென்பொருளில் வாங்கும் நாளின் செலவைவிட அதன் பின்வரும் ஆண்டுகளின் உழைப்புதான் பெரிது.

இந்தியாவில் தொழில் மென்பொருள் பரவியதே டீலர்கள் வழியாகத்தான். பெங்களூருவில் 1986இல் தொடங்கிய டேலி, பெருநகரங்களைத் தாண்டி சந்தை ஊர்கள் வரை சென்று சேர்ந்ததற்கு அந்தந்த ஊரின் பார்ட்னர்களே பெரும் காரணம். எஸ்ஏபி நிறுவனம் 2002இல் ஓர் இஸ்ரேலிய நிறுவனத்திடமிருந்து வாங்கி வளர்த்த பிசினஸ் ஒன் மென்பொருளும் பெரும்பாலும் பார்ட்னர்கள் கைவழியாகவே விற்கப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் சந்தாக்களை நேரடியாக விற்பதோடு, கிளவுட் சொல்யூஷன் புரொவைடர் என்ற திட்டத்தின் கீழ் மறுவிற்பனையாளர்கள் வழியாகவும் விற்கிறது. இந்தச் சங்கிலியின் நடுவில் மொத்த விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரெடிங்டன் அவர்களில் முக்கியமானது. இணையதளத்தில் நேரடியாக விற்பதில் பெயர்பெற்ற ஜோஹோவும் பார்ட்னர்களை வைத்திருக்கிறது. மென்பொருளை நிறுவி, ஆட்களைப் பழக்கி, சிக்கல் வந்தபோது போய் நிற்கும் வேலையைத் தொலைவிலுள்ள தலைமையகம் செய்து முடிக்க இயலாது என்பது இந்த நிறுவனங்கள் எல்லாம் அறிந்த உண்மை.

டீலர் நடுவில் வந்தால் விலை கூடும் என்ற அச்சம் பொதுவானது. பட்டியல் விலையில் விற்கப்படும் மென்பொருளுக்கு அது அநேகமாகப் பொருந்தாது. டீலரின் கமிஷனைத் தருவது தயாரிப்பு நிறுவனம். ஊர் ஊராகக் கிளை திறந்து ஆள் வைக்கும் செலவு மிச்சமாவதால்தான் அது அந்தக் கமிஷனைத் தருகிறது. ஆகவே நேரடியாக வாங்குபவரும் டீலரிடம் வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே விலையைத்தான் கொடுக்கிறார்கள். அதே விலைக்கு ஒருவருக்கு உரிம எண் மட்டும் கிடைக்கிறது, மற்றவருக்கு அதோடு ஓர் ஆளும் கிடைக்கிறார். டீலர் தன் கமிஷனிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுப்பதும் உண்டு. ஆனால் அந்த ஆயிரம், இரண்டாயிரத்தைப் பேசிக் குறைப்பதைவிட, அதே தொகைக்கு இரண்டு நாள் பயிற்சியையோ பழைய கணக்கை ஏற்றித் தரும் வேலையையோ கேட்டு வாங்குவது கணக்கெழுதுபவருக்கு மிகுந்த பயன் தரும்.

டீலரின் மதிப்பு வெளிப்படும் இடம் மின் விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களோடு இது தொடங்கியது. அடுத்த ஜனவரியில் 100 கோடி, 2021 ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அதே ஆண்டு அக்டோபரில் 10 கோடி என்று வரம்பு இறங்கிவந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய பெரும்பாலான தொழில்களுக்குக் கட்டாயமானது. மூன்றே ஆண்டுகளில் பெருநிறுவனங்களின் விவகாரமாக இருந்தது, நடுத்தர மளிகை மொத்த வியாபாரியின் அன்றாட வேலையாகிவிட்டது. பிற தொழில்களுக்கு விற்கும் ஒவ்வொரு பில்லையும் அரசுத் தளத்தில் பதிந்து, 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் எண்ணையும் கியூஆர் குறியீட்டையும் பெற்று அச்சிட வேண்டும்.

மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது என்று விளம்பரம் சொல்லும். அதை வேலை செய்ய வைப்பது வேறு காரியம். மின் விலைப்பட்டியல் தளத்தில் உரிமையாளர் வழக்கமாக உள்ளே செல்லும் பயனர் பெயரை மென்பொருளில் கொடுத்தால் பல நேரம் அது ஏற்காது. மென்பொருள் வழியாகத் தொடர்புகொள்ளத் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்தத் தளத்திலேயே உருவாக்கப்பட வேண்டும். வாடிக்கையாளரின் அஞ்சல் குறியீட்டு எண் அவருடைய மாநிலத்தோடு பொருந்தாவிட்டால் பில் திரும்பி வரும். ஹெச்எஸ்என் எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் அப்படியே. முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் லெட்ஜர்களைச் சரிபார்த்துவைக்கும் டீலர், பின்வரும் மாதங்களின் அலைச்சலைத் தவிர்த்துவிடுகிறார்.

2150 என்ற பிழை எண்ணை எடுத்துக்கொள்ளலாம். குடோன் வாசலில் லாரி நிற்கிறது. கணக்கர் பில்லை அனுப்புகிறார். அந்த நேரம் பார்த்து இணையம் அறுந்துபோகிறது. பில் அரசுத் தளத்தில் பதிவாகி ஐஆர்என்னும் உருவாகிவிட்டது, ஆனால் பதில் மென்பொருளுக்கு வந்து சேரவில்லை. அவர் மறுபடி அனுப்ப, ஐஆர்என் ஏற்கெனவே இருக்கிறது என்ற பொருளில் 2150 வந்து நிற்கிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, பில் எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்தே ஐஆர்என் உருவாவதால், அதே பில்லை எத்தனை முறை அனுப்பினாலும் பயனில்லை. லாரிக்காரர் அவசரப்படுத்த, கணக்கர் அதே சரக்குக்குப் புதிய எண்ணில் இன்னொரு பில் போட்டு அனுப்பிவிடுகிறார். இப்போது ஒரே சரக்குக்கு இரண்டு விற்பனை அரசுக் கணக்கில் ஏறிவிட்டது, அது ஜிஎஸ்டிஆர்-1 படிவத்திலும் தானாக வந்து உட்காரும். தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரமே அவகாசம். மாதக் கடைசியில் ஆடிட்டர் கண்டுபிடிக்கும்போது அது கடந்து வெகுநாளாகியிருக்கும். இத்தகைய பிழையைப் பலமுறை பார்த்த டீலரோ தொலைபேசியிலேயே, புதிய பில் போட வேண்டாம், தளத்தில் ஏற்கெனவே இருக்கும் ஐஆர்என்னை மென்பொருளுக்குள் இழுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் லாரியை அனுப்பிவைப்பார். தலைமையகத்தின் உதவி எண்ணில் வரிசையில் காத்திருந்தும் இதே பதில் கிடைக்கலாம். ஆனால் அதற்குள் இரண்டாவது பில் போய்விடும் வாய்ப்பே அதிகம்.

2025 செப்டம்பர் 22 இன்னொரு பாடம். அந்த மாதம் 3ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி மன்றம் 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட்டு, பெரும்பாலான பொருள்களை 5, 18 சதவீதங்களுக்குள் கொண்டுவர முடிவெடுத்தது. நடைமுறைக்கு வர மூன்று வாரம்கூட இல்லை. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆயத்த ஆடையில் அதுவரை ஓர் உருப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்றிருந்தது. புதிய விதியில் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. ஒரு ஜவுளிக்கடை மென்பொருளில் இதை மாற்றுவது ஓர் எண்ணைத் திருத்துவதோடு முடியவில்லை. விலை அடுக்கின் வரம்பும் மாற வேண்டும், மேல் அடுக்கின் வீதமும் மாற வேண்டும். இரண்டும் 22ஆம் தேதியிலிருந்து மட்டுமே செல்லுபடியாக வேண்டும். 22ஆம் தேதிக்கு முன் விற்ற சட்டை ஐப்பசியில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட் பழைய வீதத்தில்தான் போக வேண்டும். தேதி குறிப்பிடாமல் பழைய வீதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதியவர்களுக்குப் பழைய பில்களைத் திறக்கும்போதும் திருத்தும்போதும் கணக்கு குழம்பும் நிலை. பல வாடிக்கையாளர்களுக்கு இதே மாற்றத்தைச் செய்துதரும் டீலருக்கு எந்த இடத்தில் கை தவறும் என்று தெரிந்திருக்கும். ஒரு கடைக்காரர் தன் வாழ்நாளில் ஒருமுறை செய்யும் வேலையை அவர் ஒரே வாரத்தில் எத்தனையோ கடைகளில் செய்கிறார். அந்தத் தேர்ச்சி விற்பனை விலைக்குள் அடங்கியே வருகிறது.

தனியார் லிமிடெட் நிறுவனங்களுக்கு இன்னொரு கடமை உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்துவைக்கும், அந்தப் பதிவை நிறுத்திவைக்க முடியாத மென்பொருளையே அவை பயன்படுத்த வேண்டும். டேலி பிரைமில் இதற்கெனவே எடிட் லாக் என்ற தனி வடிவம் இருக்கிறது. சாதாரண வடிவத்தில் இந்தப் பதிவை விருப்பப்படி நிறுத்தலாம். இணையதளத்திலிருந்து தாமாகவே இறக்கி நிறுவுபவர் எதை நிறுவினோம் என்று கவனிக்காமல் விட்டால், தணிக்கை அறிக்கையில்தான் அது தெரியவரும். தனிநபர் உரிமை வணிகத்துக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. யாருக்கு எது வேண்டும் என்று கேட்டு நிறுவுவது டீலரின் முதல் நாள் வேலை.

எவ்வளவு வாங்குவது என்பதிலும் வழிகாட்டல் தேவைப்படுகிறது. டேலியின் சில்வர் உரிமம் ஒரே கணினிக்கானது, கோல்டு அதே வளாகத்தின் பல கணினிகளுக்கானது. பில் போடுபவரும் கொள்முதல் பதிபவரும் ஒரே நேரத்தில் வேலை செய்யாத கடைக்குக் கோல்டு வீண் செலவு. மைக்ரோசாஃப்ட் 365இன் பிசினஸ் பேசிக் திட்டத்தில் எக்செல், வேர்ட் ஆகியவை உலாவியிலும் கைபேசியிலும் மட்டுமே இயங்கும், கணினியில் நிறுவ முடியாது. மேக்ரோ வைத்த பெரிய எக்செல் கோப்புகளோடு மல்லுக்கட்டும் கணக்குப் பிரிவுக்கு அது போதாது. குடோன் காவலருக்கும் டெலிவரி ஆளுக்கும் மின்னஞ்சல் மட்டும் போதும் என்றால் அதுவே மிகை. ஐந்து பேருக்குக் கணினியில் நிறுவக்கூடிய பிசினஸ் ஸ்டாண்டர்டு, பதினைந்து பேருக்குப் பேசிக் என்று கலந்து வாங்கலாம் என்பதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால், இருபது பேருக்கும் ஒரே விலை உயர்ந்த திட்டத்தை வாங்கிவிடுகிறார்கள். பார்ட்னர் வழியாக எடுக்கும் ஆண்டுச் சந்தாவை முதல் ஏழு நாளுக்குள் குறைக்கலாம் அல்லது ரத்து செய்யலாம். அதன் பின் ஆண்டு முடியும் வரை எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்க இயலாது. ஆகவே குறைவாகத் தொடங்கிப் பின்னர் கூட்டுவதே நல்லது. மாதக் கணக்கில் எடுத்தால் இந்தப் பிணைப்பு இல்லை, ஆனால் விலை கூடுதல். சீசனுக்கு மட்டும் ஆள் சேர்க்கும் தொழில்களில், நிரந்தர ஊழியர்களுக்கு ஆண்டுச் சந்தா, சீசன் ஆட்களுக்கு மாதச் சந்தா என்று பிரித்துத் தரும் டீலர் உண்மையாகவே பணத்தை மிச்சப்படுத்தித் தருகிறார்.

வரி விஷயத்தில் உள்ளூர் டீலரின் பில்லுக்குத் தனி மதிப்பு உண்டு. மென்பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணோடு முறையான பில் வந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம் (காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது). வெளிநாட்டு நிறுவனத்தின் தளத்தில் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்காமல் அட்டையில் பணம் கட்டினால், அவர்கள் வசூலிக்கும் வரி யார் கணக்கிலும் வரவாக வராது. எண்ணைக் கொடுத்து வாங்கினால் அது சேவை இறக்குமதி ஆகிறது. வாங்கியவரே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரியைக் கணக்கிட்டு, ரொக்கப் பேரேட்டிலிருந்து கட்டி, பிறகு வரவு எடுக்க வேண்டும். மாதம் இரண்டாயிரம் ரூபாய்ச் சந்தாவுக்கு இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் சிறு நிறுவனங்கள் அரிது. செய்யாமல் விட்டால் வட்டியும் அபராதமும் பின்னால் வரும். உள்ளூர் டீலரிடம் வாங்கும்போது இந்தத் தலைவலி இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். டீலர் தன் ஜிஎஸ்டிஆர்-1ஐத் தாக்கல் செய்து, பில் வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் தென்பட்டால்தான் 2022 ஜனவரி முதல் வரவு செல்லும். ரிட்டர்ன் தாக்கல் செய்யாத டீலரிடம் கிடைக்கும் தள்ளுபடி, 18 சதவீத வரவை இழந்து பெறும் தள்ளுபடி.

டிடிஎஸ் பிடித்தத்திலும் மறுவிற்பனைக்குச் சட்டம் ஒரு சலுகை தந்திருக்கிறது. மென்பொருள் விலையை ராயல்டி என்று கருதி ஒவ்வொரு கட்டத்திலும் வரி பிடிப்பது 2012இல் பெரும் சிக்கலாக இருந்தது. தயாரிப்பாளரிடமிருந்து விநியோகஸ்தர், அவரிடமிருந்து டீலர், அவரிடமிருந்து வாடிக்கையாளர் என்று ஒவ்வொருவரும் பிடித்தால், மெல்லிய கமிஷனில் பிழைக்கும் டீலரின் பணமெல்லாம் வரித்துறையிடம் முடங்கிவிடும். அந்த ஆண்டு ஜூன் 13 அன்று வெளியான 21/2012 எண் அறிவிக்கை இதற்கு வழிசெய்தது. சங்கிலியின் முந்தைய கட்டத்தில் வரி பிடிக்கப்பட்டிருந்து, டீலர் மென்பொருளில் மாற்றம் எதுவும் செய்யாமல் கைமாற்றி, அதற்கான உறுதிமொழியையும் பான் எண்ணையும் தந்தால், வாங்குபவர் மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு மென்பொருள் தொடர்பாக 2021 மார்ச் 2 அன்று எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இந்திய மறுவிற்பனையாளர்களுக்கு நிம்மதி தந்தது. பயன்படுத்தும் உரிமையோடு மட்டும் மென்பொருளை வாங்கி விற்பதற்காக வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தரும் தொகை, இரட்டை வரி விலக்கு ஒப்பந்தங்களின்படி ராயல்டி ஆகாது என்று அது தெளிவுபடுத்தியது. நிறுவுதல், பயிற்சி, மாற்றியமைத்தல் ஆகிய சேவைக் கட்டணங்கள் வேறு. அவற்றுக்கு டிடிஎஸ் பொருந்தும். எனவே உரிமத்துக்கு ஒரு பில், சேவைக்கு ஒரு பில் என்று டீலரிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்குவது ஆடிட்டருக்கு வேலையைச் சுலபமாக்கும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டதால், உறுதிமொழிக் கடிதத்தில் எந்தப் பிரிவைக் குறிப்பிடுவது என்பதை ஆடிட்டரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பணம் கட்டும் முறையும் சிறிய விஷயம் அன்று. அட்டையில் தானாகப் பிடிக்கப்படும் தொகைகளுக்கு 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்தபோது, முன்னறிவிப்பும் கூடுதல் சரிபார்ப்பும் இல்லாத பல வெளிநாட்டுச் சந்தாக்கள் புதுப்பிக்கப்படாமல் நின்றன. மின்னஞ்சலோ வடிவமைப்பு மென்பொருளோ திடீரென முடங்கிய பிறகே காரணம் தெரிந்தது. டீலரிடம் வாங்குபவர் காசோலையிலோ நெஃப்ட்டிலோ கட்டுகிறார். புதுப்பிக்கும் நாள் வரும்போது டீலரே அழைத்து நினைவூட்டுகிறார். பல ஆண்டுப் பழக்கமுள்ளவருக்கு ஒரு வாரம் பொறுத்துத் தரும் வசதியும் உண்டு. ரொக்கம் இறுகும் மாதங்களில் அந்த ஒரு வாரம் பெரிது.

தொழிலுக்கேற்ப மாற்றியமைப்பது டீலர் தரும் இன்னொரு பயன். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் நூல் வாங்கியவரிடமிருந்து அது நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று வெவ்வேறு ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குப் போய்த் துணியாகத் திரும்பி, கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று நகர்கிறது. பல கட்டங்களில் எடை குறைகிறது. எந்த யூனிட்டில் எத்தனை கிலோ நிற்கிறது, எத்தனை சதவீதக் கழிவு, எந்த டெலிவரி சலானின் சரக்கு இன்னும் திரும்பவில்லை என்று பார்க்க வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்கப்படும் என்பதால் இது கணக்குக்கு மட்டுமன்றி வரிக்கும் உரிய விஷயம். பொதுவாக எழுதப்பட்ட கணக்கு மென்பொருளில் இதற்கான அறிக்கை அப்படியே கிடைப்பதில்லை. டேலியில் டிடிஎல் என்ற அதன் சொந்த மொழியில் பார்ட்னர்கள் இத்தகைய அறிக்கைகளை எழுதித் தருகிறார்கள். மருந்து மொத்த வியாபாரத்தில் தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றை முன்னிறுத்திய மார்க் போன்ற மென்பொருள் முதலிலிருந்தே பொருந்தலாம். ஒரே நிறுவனத்தின் பொருளை மட்டும் விற்பவரிடம் இந்த ஒப்பீட்டைக் கேட்டுப் பயனில்லை. இரண்டு மூன்று மென்பொருள்களை விற்று, அதே தொழிலில் வேறு வாடிக்கையாளர்களையும் வைத்திருப்பவரே சரியான ஆள். அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்துக்குப் போய், அங்கே கணக்கெழுதுபவரிடம் கால் மணி நேரம் பேசிவிட்டு வருவது எந்த டெமோவைவிடவும் பயன் தரும்.

எழுதித் தரும் மாற்றங்களில் ஒரு கவனம் வேண்டும். டிடிஎல் நிரலைத் திறந்து படிக்க முடியாத கோப்பாகவும் தரலாம், மூல நிரலோடும் தரலாம். மூல நிரல் இல்லாமல் வாங்கினால், மென்பொருளின் அடுத்த பதிப்பில் அது வேலை செய்யாமல் போகும்போது எழுதியவரையே தேடிப் போக வேண்டும். அவர் தொழிலை விட்டுவிட்டால் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். மூல நிரல் தரப்படும் என்றோ, புதிய பதிப்புகளுக்கு ஏற்பத் திருத்தித் தரப்படும் என்றோ முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுவது அவசியம்.

அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வாங்கினால் உரிமம் அசலானது என்ற உறுதி கிடைக்கிறது. கிராக் செய்த பிரதியைச் சில நூறு ரூபாய்க்கு நிறுவித் தருபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. அதைவிட உடனடி ஆபத்து, கிராக்கோடு கூடவே கணினிக்குள் புகும் தீநிரல்தான். பத்து ஆண்டுக் கணக்கு ஒரே இரவில் பூட்டப்பட்டுவிட்டால் எந்தத் தலைமையகமும் உதவிக்கு வராது. டீலர் உண்மையிலேயே அங்கீகாரம் பெற்றவரா என்பதைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் உள்ள பார்ட்னர் பட்டியலில் ஊர் வாரியாகப் பார்க்கலாம்.

இத்தனை நன்மைகளும் ஓர் இடத்தில் தலைகீழாகிவிட வாய்ப்பு உண்டு, அது உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பது. நிறுவும் அவசரத்தில் டீலரின் ஊழியர் தன் மின்னஞ்சலைக் கொடுத்தே உரிமத்தைப் பதிந்துவிடுவது நடைமுறையில் காணப்படும் வழக்கம். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். மூன்று ஆண்டு கழித்துக் கணினி பழுதாகி வேறு கணினியில் நிறுவ வேண்டி வரும்போதோ, டீலரோடு மனக்கசப்பு வரும்போதோ, ஒருமுறைக் கடவுச்சொல் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். பணம் கட்டியவர் வாசலில் நிற்க, சாவி வேறொருவர் கையில் இருக்கும். ஆகவே உரிமம் உரிமையாளரின் மின்னஞ்சலிலும் கைபேசி எண்ணிலும் மட்டுமே பதியப்பட வேண்டும். கணக்கர் பெயரிலும் கூடாது, அவரும் ஒருநாள் வேலை மாறிப் போகலாம். கிளவுட் சந்தாக்களில் முதன்மை நிர்வாகி உரிமையாளராகவே இருந்து, டீலருக்கு வேண்டிய அளவு அனுமதி மட்டும் தரலாம். அந்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற முடியும். எனிடெஸ்க் வழியாகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கி உதவுவது இன்று எல்லோரும் செய்வது. வேலை முடியும் வரை ஒருவர் அருகில் அமர்ந்து பார்ப்பதும், நிரந்தரக் கடவுச்சொல் தராமல் ஒவ்வொரு முறையும் திரையில் அனுமதி தருவதும் போதுமான பாதுகாப்பு.

ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேறு, தயாரிப்பு நிறுவனத்துக்குக் கட்டும் புதுப்பித்தல் கட்டணம் வேறு. டேலியில் டிஎஸ்எஸ் என்பது நிறுவனத்துக்குச் செல்வது. அதைப் புதுப்பிக்காவிட்டால் மென்பொருள் நின்றுவிடாது, ஆனால் புதிய பதிப்புகளும் இணையம் சார்ந்த சேவைகளும் கிடைக்காது. ஏஎம்சி டீலரின் நேரத்துக்கான கட்டணம். இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்லும் மதிப்பீட்டைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஏஎம்சியில் எத்தனை முறை நேரில் வருவார்கள், அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் பதில், ஞாயிற்றுக்கிழமை உண்டா, பேக்கப் எடுப்பது யார் பொறுப்பு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதியும், 3பிக்கு 20ஆம் தேதியும் கடைசி நாள். அந்த நாள்களுக்கு முந்தைய மாலையில் தொலைபேசியை எடுக்கும் டீலர்தான் ஏஎம்சிக்குத் தகுதியானவர், மற்ற நாள்களில் எல்லோரும் எடுப்பார்கள்.

டீலர் தேவைப்படாத இடங்களும் உண்டு. இரண்டு பேர் நடத்தும் ஆலோசனை நிறுவனத்துக்கு ஒரு பில்லிங் செயலி, வடிவமைப்பாளருக்கு ஒரு வரைகலை மென்பொருள், காணொலிக் கூட்டத்துக்கு ஒரு சந்தா போன்றவற்றை இந்திய ரூபாயில், ஜிஎஸ்டி எண்ணோடு பில் தரும் தளத்தில் நேரடியாக வாங்குவதில் எந்த இழப்பும் இல்லை. சரக்கும் ஆள்களும் கிளைகளும் வரும்போதுதான் நிலைமை மாறுகிறது.

புதிய மென்பொருளுக்கு மாற நினைப்பவர்கள் மார்ச் கடைசி வாரத்தில் டீலரைத் தேடக்கூடாது. அப்போது அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஜனவரியிலேயே பேசி முடித்து, பிப்ரவரியில் லெட்ஜர்களையும் ஐட்டங்களையும் ஏற்றி, மார்ச் முழுவதும் பழையதிலும் புதியதிலும் இணையாகப் பதிந்து இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்த்தால், ஏப்ரல் 1 அன்று தொடக்க இருப்போடு அமைதியாக மாறலாம். பழைய மென்பொருளை அதோடு தூக்கிப் போட்டுவிட முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி, கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் சட்டப்படி கம்பெனிகளுக்கு எட்டு நிதியாண்டுகள். அத்தனை காலமும் பழைய தரவைத் திறந்து படிக்கவும் அச்சிடவும் வழி உண்டா, பழைய உரிமம் அதற்குத் தேவைப்படுமா, பேக்கப் எந்த வட்டில் யாரிடம் இருக்கும் என்பவற்றைப் புதிய டீலரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, அவருடைய பதிலை மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.